விழுந்த இடமெல்லாம் முளைப்பதில்லை

வட்டவளையில் வெயில் அடிக்கும் நாளில் லயத்து வாசல்களில் கம்பளி காயும். அப்படிப்பட்ட நாட்கள் கொஞ்சம்தான். தென்மேற்குப் பருவக்காற்று கினிகத்தேனைப் பக்கமாக மலையேறி, முட்டி நின்று கொட்டித் தீர்க்கும் சரிவுகள் இவை. ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் வட்டவளையின் பெயரைப் பாடத்தில் படிக்கிறார்கள். ஈரமும் குளிரும் சேர்ந்த இடம் பங்கசுகளுக்குச் சொந்த வீடு. ஆகவே, எலும்பில் பிறக்கும் ஒரு புற்றுநோயைப் பற்றிய இந்த அத்தியாயத்தை ஒரு பங்கசின் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

1869இல் மலைநாடு கோப்பி நாடாக இருந்தது. தேயிலையை ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்டு இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அந்த வருடம் மடுல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு தூள் தென்பட்டது. விரலால் தொட்டால் மஞ்சள் தூளைத் தொட்டதுபோல ஒட்டிக்கொள்ளும். இலை உதிரும், செடி மொட்டையாகும், காய் பிடிக்காது. ‘ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்’ என்ற அந்தத் துரு நோய் தோட்டம் தோட்டமாகத் தாவியது. அதை ஆராய 1880இல் ஹாரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். கண்ணாடித் தகடுகளில் பசை பூசித் தோட்டங்களில் தொங்கவிட்டார். தகடுகளில் நோயின் வித்திகள் வந்து ஒட்டின. காற்றுதான் சுமந்து வருகிறது என்பது தெளிவானது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. நோய் தோன்றி இருபது வருடங்களில் கோப்பி ஒழிந்து, தேயிலை வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த வித்திகள் கோப்பி இலையில் மட்டும் விழவில்லை. பக்கத்தில் நின்ற பலாவிலும் கொய்யாவிலும் விழுந்தன. பின்னால் வந்த தேயிலையிலும் விழுந்திருக்கும். அதே காற்று, அதே மழை, அதே ஈரம். ஆனாலும் அங்கெல்லாம் ஒரு பொட்டுத் துருகூடப் பிடிக்கவில்லை. வித்தி போய்ச் சேர்வது ஒரு காரியம், போன இடத்தில் வேர்விடுவது வேறொரு காரியம். மனித உடம்புக்குள் புற்றுநோய் பரவும் விதத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வித்தியாசம் போதும்.

முழங்காலில் ஒரு நோவு

ஒரு பையனை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். வட்டவளைத் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்தவன், பதினான்கு வயது, ஒரே வருடத்தில் காற்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறும் அளவுக்கு வளர்ந்தவன். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வலிக்கிறது என்கிறான். பந்து விளையாடி விழுந்த வலி என்று அம்மா தைலம் தேய்க்கிறாள். அப்பாயி ‘வளர்ற புள்ளைக்கு எலும்பு நோவு இருக்கத்தான் செய்யும்’ என்கிறாள். பகலில் குறைகிறது, இரவில் கூடுகிறது. இரண்டு மாதம் கழித்து அந்த இடம் வீங்குகிறது. இந்தப் பையன் என் கற்பனை. நோய் நடந்துபோகும் வரிசை கற்பனை இல்லை. உலகம் முழுவதும் இப்படித்தான் தொடங்குகிறது.

இந்த நோயின் பெயர் ஒஸ்டியோசார்கோமா. எலும்பிலேயே பிறக்கும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இதுதான். அப்படியும், பத்து லட்சம் பேரில் வருடத்தில் மூன்று நான்கு பேருக்குத்தான் வரும். அவர்களில் பெரும்பகுதி பத்து முதல் இருபது வயதுப் பிள்ளைகள். தொடை எலும்பின் கீழ்முனையும் முன்கால் எலும்பின் மேல்முனையும், அதாவது முழங்காலைச் சுற்றிய இடம், இதன் விருப்பமான இருப்பிடம். அடுத்தது தோளருகே மேற்கை எலும்பு. எலும்பு வேகமாக நீளும் முனைகள் இவை. கொழுந்து எடுப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1946இல் இலங்கைக்கு வந்த தேயிலைக் கொப்புள நோய் இளங்கொழுந்தில்தான் கொப்புளம் போடும். அதே செடியின் முற்றிய இலை தப்பிவிடும். வளர்ச்சி வேகமாக நடக்கும் இடத்தில் ஆபத்தும் கூடுதல்.

ஒஸ்டியோசார்கோமாவின் கலங்களுக்கு ஓர் அடையாளம் உண்டு. அவை எலும்பு செய்யும் கலங்களின் கெட்டுப்போன உறவினர்கள். போகும் இடத்திலெல்லாம் எலும்பு செய்துகொண்டே போகும். ஒழுங்கான எலும்பு இல்லை, கிறுக்கிய எலும்பு. இந்தப் பழக்கம் பின்னால் நமக்கு உதவும்.

இரத்தம் போகும் பாதை

எலும்பிலிருந்து புறப்படும் புற்றுக்கலம் பெரும்பாலும் நாளத்தின் வழியே போகும். தொடையின் நாளம் வயிற்றின் பெருநாளத்தில் சேரும், அது இதயத்தின் வலப்பக்கம் சேரும், அங்கிருந்து நேரே நுரையீரல். நுரையீரலின் மயிர்க்குழாய்கள் ஒரு சிவப்பணு ஒடுங்கிப் போகுமளவே அகலமானவை. புற்றுக்கலம் அதைவிடப் பெரியது, சிக்கிக்கொள்ளும். கொழுந்துச் சல்லடையில் கட்டை தங்குவதுபோல, ஒஸ்டியோசார்கோமா பரவும்போது மிகப் பெரும்பாலும் நுரையீரலில் தங்குகிறது. அடுத்தது வேறு எலும்புகள்.

கனடாவின் டெரி ஃபொக்ஸ் என்ற இளைஞனுக்கும் இதுதான் நடந்தது. முழங்கால் வலியை ஒரு கார் விபத்தின் மிச்சம் என்று நினைத்து நாளைத் தள்ளினான். 1977இல் ஒஸ்டியோசார்கோமா என்று தெரிந்தபோது வயது 18. வலது கால் முழங்காலுக்கு மேலே எடுக்கப்பட்டது. 1980 ஏப்ரலில் செயற்கைக் காலுடன், புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட, கனடாவைக் குறுக்கே ஓடத் தொடங்கினான். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினான். செப்டெம்பர் 1ஆம் திகதி இருமலும் நெஞ்சுவலியும் அவனை நிறுத்தின. நோய் நுரையீரலுக்குப் போயிருந்தது. அடுத்த வருடம் ஜூன் மாதம் இறந்தான்.

சல்லடைக் கணக்கு இங்கே பொருந்துகிறது. எல்லா இடத்திலும் பொருந்துகிறதா என்று கேட்டவர், டெரி ஃபொக்ஸுக்கு ஏறத்தாழ நூறு வருடம் முன்பு வாழ்ந்த ஸ்டீவன் பேஜட் என்ற லண்டன் சத்திரசிகிச்சை வைத்தியர்.

அப்பா கண்டது, மகன் கண்டது

ஸ்டீவனின் அப்பா சேர் ஜேம்ஸ் பேஜட். எலும்பு தடித்து வளையும் ஒரு நோயை 1877இல் விவரித்தவர். அந்த நோய் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. தான் இருபது வருடம் கவனித்துவந்த நோயாளி ஒருவர், கடைசியில் முன்கை எலும்பில் புற்று வளர்ந்து இறந்ததையும் அவர் எழுதிவைத்தார். வயதானவர்களுக்கு ஒஸ்டியோசார்கோமா வரும் வழிகளில் இது ஒன்று என்று இன்று அறிவோம்.

மகன் 1889இல் ‘த லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் உடற்பரிசோதனைக் குறிப்புகளை எடுத்து எண்ணினார். நோய் ஈரலுக்குப் பரவியவர்கள் 241 பேர். மண்ணீரலுக்குப் பரவியவர்கள் 17 பேர். மண்ணீரலுக்கும் பெரிய நாடி வழியே தாராளமாக இரத்தம் போகிறது. இரத்தம் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்திலெல்லாம் நோய் முளைப்பதென்றால் இந்த இரண்டு எண்ணுக்கும் இவ்வளவு தூரம் இருக்கக்கூடாது. செடி விதையாகும்போது விதைகள் எல்லாத் திசையிலும் போகின்றன, ஏற்ற மண்ணில் விழுந்தவைதான் வளர்கின்றன என்று அவர் விளக்கினார். ‘விதையும் மண்ணும்’ என்று மருத்துவ உலகம் இன்றும் சொல்வது இந்தக் கருத்தைத்தான்.

எல்லோரும் உடனே ஏற்கவில்லை. அமெரிக்க நோயியலாளர் ஜேம்ஸ் யூயிங் இரத்தம் ஓடும் பாதையே போதிய விளக்கம் என்றார். பிள்ளைகளின் எலும்பில் வரும் இன்னொரு புற்றுநோய்க்கு இன்று அவர் பெயர்தான். அவர் சொல்லை ஒதுக்கிவிட எளிதில் யாரும் துணியவில்லை. பேஜட்டின் விதை பல வருடம் முளைக்காமல் கிடந்தது.

1980இல் இயன் ஹார்ட், ஐசாயா ஃபிட்லர் என்ற இருவர் ஒரு நேர்த்தியான சோதனை செய்தார்கள். சுண்டெலியின் தொடைத்தசைக்குள் சிறு துண்டுகளாக நுரையீரல், சூலகம், சிறுநீரகம் ஆகியவற்றின் இழையங்களை ஒட்டுப்போட்டார்கள். ஒட்டு பிடித்து இரத்தம் ஓடத் தொடங்கியபின் தோற்புற்றுக் கலங்களை நாளத்தில் செலுத்தினார்கள். எலியின் சொந்த நுரையீரலில் கட்டிகள் வந்தன. தொடையில் ஒட்டிய நுரையீரல் துண்டிலும் சூலகத் துண்டிலும் வந்தன. பக்கத்திலேயே இருந்த சிறுநீரகத் துண்டில் வரவில்லை. எல்லாத் துண்டுக்கும் போனது ஒரே இரத்தம். பாதை முக்கியம் என்று யூயிங் சொன்னது சரி. மண் முக்கியம் என்று பேஜட் சொன்னதும் சரி. விதையை இரத்தம் சுமக்கிறது, முடிவை மண் சொல்கிறது.

தசை என்ற தரிசு

இப்போது பெரிய புதிர். நம் உடம்பு எடையில் ஏறத்தாழ நாற்பது வீதம் தசை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம் தள்ளும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு தசைக்குப் போகிறது. நிறைந்த கூடையோடு செங்குத்தான மலையில் ஏறும் ஒரு பெண்ணின் உடம்பில் அந்தப் பங்கு பல மடங்காகும். கடும் உழைப்பில் ஐந்தில் நான்கு பங்குவரை போகலாம். இத்தனை இரத்தம் பாயும் இடத்தில் விதை வந்து விழாமல் இருக்குமா? விழுகிறது. ஆனால் தசையில் புற்றுநோய் பரவிக் கட்டியாவது மருத்துவர்கள் தங்கள் வாழ்நாளில் அபூர்வமாகக் காணும் காட்சி. பாயும் நீர் நிறைய, விளைச்சல் மிக அரிது.

இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் சில. ஒன்று, தசை சுருங்கி விரிந்தபடியே இருக்கிறது. உள்ளே ஓடும் மயிர்க்குழாய்களில் சிக்கிய கலம் நசுங்குகிறது. இன்னொன்று, உழைக்கும் தசையில் இலற்றிக் அமிலம் சேர்கிறது, அமில நிலை நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. தேயிலை அமில மண்ணை விரும்பும், எல்லாப் பயிரும் விரும்பாது.

மூன்றாவது காரணம் 2022இல் வெளிவந்தது. அமெரிக்காவின் சியாட்டிலில் சைரஸ் கஜாரின் ஆய்வுக்குழு, மார்பகப் புற்றுக் கலங்கள் எலியின் தசைக்குள் நிறையவே போய்ச் சேர்வதைக் கண்டது. போனவை சாகவில்லை, பெருகவும் இல்லை; அப்படியே முடங்கிக் கிடந்தன. காரணத்தைத் தேடியபோது ஒட்சிசன் வந்தது. தசை ஓயாமல் எரிபொருள் எரிக்கும் அடுப்பு. எரியும்போது ஐதரசன் பரஒட்சைட்டு போன்ற காரமான கழிவுகள் உண்டாகும். தசைக்கு அது பழக்கம். வந்தேறிய கலத்துக்கு அந்தப் புகை தாங்காது. ஐதரசன் பரஒட்சைட்டை உடைக்கும் கற்றலேசு என்ற நொதியைப் புற்றுக்கலங்களிலேயே கூட்டிவிட்டபோது, முடங்கிக் கிடந்தவை தசையில் பெருகத் தொடங்கின. புகைக்குக் கதவு திறந்துவிட்டால் அந்நியனும் அடுப்படியில் குடியிருப்பான்.

தசைக்குள் எலும்பு

இந்தக் காவலையெல்லாம் தாண்டி எலும்புப் புற்று ஒன்று தூரத்துத் தசையில் முளைத்தால் எப்படி இருக்கும்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். எலும்பில் வளரும் கட்டி, எலும்பின் சுவரை உடைத்துக்கொண்டு பக்கத்துத் தசைக்குள் நுழைவது சாதாரணமாக நடப்பது. பக்கத்து வேலி சாய்ந்து நம் தோட்டத்தில் விழுவதுபோல. இங்கே பேசுவது வேறு: கட்டி முழங்காலில், அதன் விதை முளைத்த இடம் முதுகிலோ புட்டத்திலோ தோளிலோ உள்ள தசை. நடுவில் தொடர்பே இல்லை. இரத்தம் சுமந்து போட்ட விதை. உலக மருத்துவ இதழ்களில் இவை தனித்தனி நோயாளிகளின் குறிப்புகளாகவே பெரும்பாலும் வெளிவருகின்றன, அவ்வளவு அபூர்வம்.

ஒஸ்டியோசார்கோமாவின் பழைய பழக்கம் இங்கே அதைக் காட்டிக்கொடுக்கிறது. போன இடத்தில் எலும்பு செய்கிறது அல்லவா? எக்ஸ்ரே படத்தில் தசை சாம்பல் நிறமாகத்தான் தெரியும். அதன் நடுவே சுண்ணாம்பு தெறித்ததுபோல ஒரு வெள்ளைத் திட்டு. எலும்பு உருவாகும் இடங்களில் போய்ச் சேரும் கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி ஸ்கேன் எடுத்தால், எலும்பே இருக்கக்கூடாத இடத்தில் ஒரு கரும்புள்ளி. ஊசியால் எடுத்த துணுக்கை நுணுக்குக்காட்டியில் வைத்தால், குறுக்குக் கோடு போட்ட தசைநார்களின் நடுவே இளஞ்சிவப்பு நிறத்தில் கிழிந்த சரிகைபோல எலும்பின் முற்றாத கூழ். அதைச் சுற்றி உருவம் கெட்ட பெரிய கருக்கள். எங்கே போனாலும் பிறந்த வீட்டுப் பேச்சை விடாத மருமகள் மாதிரி, அந்தக் கலங்கள் தங்கள் ஊரைச் சொல்லிவிடுகின்றன.

மற்ற எலும்புப் புற்றுகளும் இப்படித்தான். கசியிழையப் புற்று தசையிலும் கசியிழையமே செய்யும். கோர்டோமா என்று ஒன்று உண்டு; பத்து லட்சத்தில் ஒருவருக்கு வருடத்தில் வருவது. கருவில் முதுகெலும்பு உருவாகுமுன் இருந்து மறையும் முதுகுநாணின் எச்சத்திலிருந்து, மண்டையோட்டின் அடியிலோ முதுகின் கீழ்முனையிலோ வளரும். அதன் கலங்களுக்குள் சவர்க்கார நுரைபோலக் குமிழ்கள் இருக்கும். 1857இலேயே ருடொல்ஃப் விர்ச்சோ அந்தக் குமிழ்க் கலங்களை விவரித்துவிட்டார். அதே குமிழ்கள் தசைக்குள் தென்பட்டால், கேள்வி கேட்காமலே விலாசம் தெரிந்துவிடும்.

ஆனால் தசைக்குள் எலும்பு என்றாலே புற்று என்று பதற வேண்டாம். அடிபட்ட தசையில் இரத்தம் கட்டி, வாரங்கள் கழித்து அங்கே எலும்பு உருவாவதுண்டு. அந்தக் காலத்தில் குதிரையில் திரிந்தவர்களின் உள்தொடைத் தசையில் இப்படி எலும்பு முளைத்ததால் ‘குதிரைக்காரன் எலும்பு’ என்றே ஒரு பெயர் இருந்தது. அது தீங்கற்றது. இரண்டையும் பிரிக்கும் வழியை 1958இல் லோரன் அக்கர்மன் தெளிவாக எழுதினார். தீங்கற்ற எலும்பு வெளி ஓரத்தில் முற்றியிருக்கும், நடுவில் பச்சையாக இருக்கும். தேங்காய்போல, ஓடு வெளியே. புற்றில் அந்த ஒழுங்கு இருக்காது. பெரும்பாலும் நடுவில்தான் முற்றியிருக்கும், ஓரம் பச்சையாகச் சுற்றுத் தசைக்குள் ஊரும்.

அபூர்வமான இந்தப் பரவலுக்கு ஏன் இவ்வளவு பக்கம் என்று நீங்கள் கேட்கலாம். மருந்துதான் காரணம். 1970களுக்கு முன்பு கால் எடுப்பது ஒன்றே வழி. கால் எடுத்தும் ஐந்தில் நான்கு பேர் இறந்தார்கள். கீமோ வந்தபின், பரவுமுன் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பேர்வரை பிழைக்கிறார்கள். டெரி ஃபொக்ஸிடம் வைத்தியர்கள் பிழைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றார்கள். இரண்டு வருடம் முன்பு வந்திருந்தால் நூற்றுக்குப் பதினைந்து என்றிருப்பார்கள். நோயோடு நீண்ட நாள் வாழ்பவர்கள் கூடக்கூட, முன்பு நுரையீரலோடு முடிந்த கதை தசை, இதயம், மூளை என்று புதிய ஊர்களுக்கும் போகிறது. ஆகவே சிகிச்சை முடிந்த ஒருவரின் தசையில் புதிதாக ஒரு கட்டி தட்டுப்பட்டால், ‘தசைக்கு வராது’ என்று விட்டுவிட முடியாது.

தைலத்துக்கு முன்

மீண்டும் வட்டவளைக்கு வருவோம். பெரட்டுக்குப் போய் மலையேறி இறங்கும் உடம்பில் வலி இல்லாத நாள் இல்லை. அதனால் வலிக்கு இங்கே மரியாதை இல்லை. தைலம், பற்று, சுளுக்கு எடுப்பவர், தோட்டத்து டிஸ்பென்சரியில் இரண்டு வில்லை. பிறகு மறுபடி மலை. பெரும்பாலான வலிக்கு இது போதும். எந்த வலிக்குப் போதாது என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

வளரும் பிள்ளைக்கு ஒரே காலில், ஒரே இடத்தில், இரவில் எழுப்பும் வலி இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வளர்ச்சி நோவு பெரும்பாலும் இரண்டு காலிலும் மாறி மாறி வரும், காலையில் மறைந்துவிடும், வீக்கம் இருக்காது. தசையில் ஆழமாக இருக்கும் கட்டி, ஐந்து சென்ரிமீட்டரைத் தாண்டியது, மாதத்துக்கு மாதம் பெருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஸ்கேன் தேவை. அப்படிப்பட்ட கட்டியை அழுத்தித் தேய்க்கவும் கட்டவும் கூடாது. துணுக்கு எடுப்பதும் விளையாட்டுக் காரியம் இல்லை. ஊசி போன தடத்தில் புற்றுக்கலம் சிந்தலாம். பிறகு கட்டியை எடுப்பவர் அந்தத் தடத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். எனவே, சத்திரசிகிச்சை செய்யப்போகும் குழுவே ஊசி குத்தும் இடத்தையும் தீர்மானிப்பது நல்லது.

வட்டவளையிலிருந்து மஹரகம அபேக்‌ஷா வைத்தியசாலை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். கண்டி இன்னும் பக்கம்; அங்கும் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் காசு இல்லை. காசு பஸ்ஸுக்கும் கூடப் போகிறவரின் ஒரு நாள் பேருக்கும் போகிறது. ஒரு லயத்துக் குடும்பத்துக்கு அது சின்னச் செலவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஒரு நாள் பேரை விட்டுவிட்டுப் போங்கள். விதை எலும்புக்குள் இருக்கும்போதே பிடித்துவிட்டால், மண்ணைப் பற்றிய கேள்வியே எழாது.